மார்கழிக் குளிரில் நரம்பு டெஸ்ட்: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

18 டிசம்பர் 2024, புதன்

மார்கழி பிறந்து மூன்றாவது நாள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களின் கை ஜில்லென்று இருக்கிறது. இன்று முதல் கை 27 டிகிரி. நரம்பில் லேசான மின் ஷாக் வைத்து, பதில் அலை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பெரிதாக வருகிறது என்று பார்ப்பதுதான் இந்த டெஸ்ட். அப்படியே ஷாக் வைத்துப் பார்த்ததில் கட்டைவிரல் தசையில் லேட்டன்சி, அதாவது அலை வர ஆகும் நேரம், 4.8 மில்லிசெகண்ட். 7 செ.மீ. தூரத்துக்கு 4.4 வரைதான் நார்மல் என்று வைத்திருக்கிறோம். அந்த ஒரு எண்ணை நம்பினால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து மீடியன் நரம்பு நசுங்குகிறது என்று எழுதிவிடத் தோன்றும்.

எழுதக்கூடாது. பக்கத்திலிருக்கும், சுண்டுவிரலுக்குப் போகும் அல்னர் நரம்பும் அதே அளவு மந்தமாக இருந்தது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பின் அலையோ 60 மைக்ரோவோல்ட்டுக்கு மேல், அகன்று உயர்ந்து நின்றது. நோயுற்ற நரம்பில் அலை சிறுத்துப் போகும். குளிர்ந்த நரம்பில் வேகம் குறையும், அலை பெருக்கும். குளிரில் நரம்புச் சுவரில் சோடியம் நுழையும் வாசல்கள் மூடத் தாமதமாவதுதான் காரணம். ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும், லேட்டன்சி 0.2 மில்லிசெகண்ட் கூடும்.

வெந்நீர்த் தொட்டியில் 15 நிமிடம் கையை வைத்து, துடைத்து, 32.5 டிகிரிக்கு வந்தபின் எடுத்தால் 3.7. அவ்வளவுதான். அந்த மனிதருக்கு மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

கைக்கு 32, காலுக்கு 30 டிகிரி வராமல் தொடங்குவதில்லை. ஹேர் டிரையர் தோலைச் சூடாக்கும், உள்ளே தசை குளிர்ந்தேதான் இருக்கும். சூத்திரம் போட்டுத் திருத்துவதைவிடச் சூடாக்குவதே மேல். சர்க்கரை நோயாளியின் மரத்த காலைத் தண்ணீரில் வைக்குமுன் நம் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். அவருக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் போட்ட பிறகுதான் நமக்கும் தெரியும்.

20 டிசம்பர் 2024, வெள்ளி

இன்று முழுக்க இரைச்சலோடு சண்டை. திரையில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலை வந்தால் அது 50 ஹெர்ட்ஸ், சுவரிலுள்ள கரண்ட் லைனிலிருந்து வருவது. அதை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைத் தட்டிவிட்டால் கோடு அழகாகும், கூடவே உண்மையான அலையின் உருவமும் கெடும். தேடிப் பிடிக்கிற வரிசை இது: முதலில் நோயாளியின் எர்த் எலக்ட்ரோடு நன்றாக ஒட்டியிருக்கிறதா, அது ஷாக் வைக்கும் இடத்துக்கும் பதிவு இடத்துக்கும் நடுவில் இருக்கிறதா. அடுத்து, பதிவு ஒயர்கள் இரண்டும் சேர்ந்து போகின்றனவா, ஷாக் ஒயர் அவற்றைக் குறுக்கே தாண்டுகிறதா. பிறகு டியூப் லைட், ஃபேன், நோயாளி பையில் கிடக்கும் செல்போன் சார்ஜர். கடைசியில் கட்டடத்து எர்த். மழை இல்லாத மாதங்களில் எர்த் குழி காய்ந்து போனால் உப்புத் தண்ணீர் ஊற்றியதும் இரைச்சல் பாதியாகக் குறைவது உண்டு.

தோலும் கவனிக்க வேண்டியது. தேங்காய் எண்ணெய், தைலம், மஞ்சள் எல்லாம் எலக்ட்ரோடுக்குக் கீழே சுவர் மாதிரி நிற்கும். ஸ்பிரிட்டில் துடைத்து, தேய்ப்புப் பசையால் லேசாக உரசி, இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால்தான் அடுத்த வேலை. ஜெல்லைத் தாராளமாக அப்புவது கெடுதல். ஷாக் கருவியின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஜெல் வழிந்தால் கரண்ட் தோல் மேலேயே ஓடிவிடும். கருவியில் 60 மில்லிஆம்பியர் காட்டும், நரம்புக்குப் பாதிகூடப் போயிருக்காது. கொலுசு, மெட்டி, வளையல் எல்லாம் முதலிலேயே கழற்றச் சொல்லிவிட வேண்டும். மெட்டி கழலாவிட்டால் பலவந்தம் வேண்டாம், மெட்டி ஒயரில் படாதபடி வைத்தால் போதும்.

27 டிசம்பர் 2024, வெள்ளி

மணிக்கட்டு நசுக்கம், அதாவது கார்ப்பல் டனல். எங்களிடம் வருகிறவர்களில் இதுதான் அதிகம். ராத்திரி தூக்கத்தில் கை மதமதத்து எழுந்து உதறுகிறேன் என்பார்கள். அந்த உதறல் ஒன்றே பாதி நோயறிதல்.

உணர்வு நரம்பைத்தான் முதலில் எடுக்கிறோம், கெடுவது அதுதான் முதலில். ஆள்காட்டி விரலில் இரண்டு வளைய எலக்ட்ரோடுகள், நடுவில் 3 முதல் 4 செ.மீ. மணிக்கட்டில் 14 செ.மீ. தள்ளி ஷாக். பல்ஸ் 0.1 மில்லிசெகண்ட், ஃபில்டர் 20 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ், திரையில் கட்டத்துக்கு 20 மைக்ரோவோல்ட். மோட்டாருக்கு, அதாவது தசையை இயக்கும் நரம்புக்கு, 0.2 மில்லிசெகண்ட் பல்ஸ், கட்டத்துக்கு 2 அல்லது 5 மில்லிவோல்ட். அலை இதற்கு மேல் வளராது என்கிற இடத்தைத் தொட்டபின், இன்னும் 20 சதவீதம் கூட்ட வேண்டும். அந்த 20 சதவீதத்தை நோயாளி முகம் சுளிக்கிறாரே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்போது சில நார்கள் தூண்டப்படாமலே நின்றுவிடும், நரம்பு கெட்டதாகக் கதை மாறும். சுருக்கென்று இருக்கும், இன்னும் இரண்டே தடவை என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

கேத்தோடு, அதாவது கறுப்பு முனை, பதிவு எலக்ட்ரோடு பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் 0.3, 0.4 மில்லிசெகண்ட் கூடிவிடும். லேசான நசுக்கம் என்று எழுத அதுவே போதும். டேப்பில் 1 செ.மீ. பிசகினால் 0.2 மில்லிசெகண்ட்.

வழக்கமான எண்கள் எல்லாம் நார்மலாக வந்து, நோயாளி சொல்வது மட்டும் அச்சு அசல் கார்ப்பல் டனலாக இருந்தால் மோதிர விரலுக்குப் போக வேண்டும். அந்த ஒரு விரலுக்கு மீடியனும் அல்னரும் இரண்டும் வருகின்றன. ஒரே 14 செ.மீ., ஒரே விரல், ஒரே சூடு. இரண்டுக்கும் வித்தியாசம் 0.5 மில்லிசெகண்ட் அல்லது மேலே என்றால் மீடியன் பின்தங்குகிறது. அதே கையிலேயே ஒப்பிடுவதால் வயது, குளிர், உயரம் எதுவும் குழப்பாது. எனக்கு மிகவும் நம்பிக்கையான பரிசோதனை இது.

முழங்கையில் அல்னர் பார்க்கும்போது கையை 90 டிகிரி மடக்கி வைத்து, அளவையும் மடக்கியபடியே எடுக்க வேண்டும். நீட்டி வைத்தால் நரம்பு தொய்ந்து கிடக்கும், டேப் குறைவாகக் காட்டும், வேகமும் பொய்யாகக் குறையும். 10 செ.மீ. துண்டில் 1 செ.மீ. பிசகு என்றால் 50 மீட்டர் வேகம் 45 ஆகிவிடும்.

3 ஜனவரி 2025, வெள்ளி

ஊசி, அதாவது தசைக்குள் ஊசி வைத்து அதன் மின் அலையைப் பார்க்கும் ஈஎம்ஜி. விபத்து நடந்து ஐந்தாம் நாள் கை தூக்க முடியாதவரை அனுப்பியிருந்தார்கள். நரம்பு அறுந்திருந்தாலும் தசையில் ஃபிப்ரிலேஷன், அதாவது நரம்பை இழந்த தசைநார் தானாகத் துடிப்பது, தெரிய இரண்டு மூன்று வாரமாகும். இப்போது ஊசி போட்டு எதுவும் இல்லை என்று எழுதினால் அந்தக் காகிதம் அவரைத் தப்பான வழியில் அனுப்பிவிடும். மூன்று வாரம் கழித்து வரச்சொன்னோம். அப்போது ஸ்பீக்கரில் தகரக் கூரை மேல் தூறல் விழுகிற மாதிரி கேட்கும், அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது.

இன்னொன்று. தசை நோய் சந்தேகம் என்றால் சிகே (தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதி) ரத்தப் பரிசோதனையை ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், ஊசியே அதைக் கூட்டிவிடும். பயாப்ஸிக்குத் தசைத் துண்டு எடுப்பதாக இருந்தால் ஊசி ஒரு பக்கம், பயாப்ஸி மறு பக்கம். ரத்தம் நீர்க்கும் மாத்திரை போடுகிறாரா என்று கேட்காமல் ஊசி எடுக்கக்கூடாது.

9 ஜனவரி 2025, வியாழன்

பென்னாகரம் பக்கத்து வயதானவர், கால் இறுகிப் போய் நடக்க முடியவில்லை. முன்னங்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கும் நடுச் சவ்வு சுண்ணாம்பாகியிருந்தது. ஃப்ளோரைடின் கையெழுத்து அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதற்கு இதுவே காரணம். ஆனால் அதற்கு முன் முப்பது நாற்பது வருடம் குடித்த தண்ணீர் எலும்பில் இருக்கிறது.

முதுகெலும்பின் தசைநார்கள் தடித்துத் தண்டுவடத்தையோ அதிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களையோ நெருக்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: காலில் மதமதப்பு, ஆனால் சூரல், அதாவது கணுக்கால் பக்கத்து உணர்வு நரம்பு, நார்மல். டெஸ்ட் தப்பா என்று கேட்கிறார்கள். தப்பில்லை. உணர்வு நரம்பின் செல்கள் இருக்கும் முடிச்சு, வேர் நசுங்கும் இடத்துக்கு வெளியே இருக்கிறது. மேலே அறுபட்டாலும் கீழே உள்ள நார் உயிரோடு இருப்பதால் அலை வரும். உணர்வு இல்லாத இடத்தில் அலை நார்மல் என்றால் கோளாறு வேரிலோ தண்டுவடத்திலோ இருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் விளக்கமாக எழுத வேண்டும். "என்சிஎஸ் நார்மல்" (என்சிஎஸ் என்பது இந்த ஷாக் டெஸ்ட்) என்று இரண்டு வார்த்தையில் விட்டால் எம்ஆர்ஐக்குப் போக வேண்டியவர் வைட்டமின் மாத்திரையோடு ஊர் திரும்புவார்.

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் நாள். இமை தொங்கி வந்த ஒருவருக்குத் தொடர் தூண்டல் பரிசோதனை. சந்தேகம் மயஸ்தீனியா, அதாவது நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி சரியாகப் போகாத நோய். நொடிக்கு 3 வீதம் 10 ஷாக், அந்த நோய் என்று சொல்ல, முதல் அலையோடு நான்காவதை ஒப்பிட்டால் 10 சதவீதத்துக்கு மேல் இறக்கம் இருக்க வேண்டும். கை அசைந்தால் எலக்ட்ரோடு நகர்ந்து பொய் இறக்கம் வரும், அதனால் பலகையில் கட்டிவிடுகிறோம். குளிர்ந்த தசையில் உண்மையான இறக்கமே மறைந்துவிடும். கண்ணிலும் முகத்திலும் மட்டும் நோய் என்றால் சுண்டுவிரல் தசை பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். மூக்கோரத் தசை, தோள் டிரப்பீசியஸ் வரை பார்க்காமல் இல்லை என்று எழுதக்கூடாது.

பூச்சிமருந்து குடித்தவர்களிடம் வேறு மாதிரி: ஒரே ஒரு ஷாக்குக்கு அலை இரண்டு மூன்றாகத் திரும்பத் திரும்ப வரும்.

மயஸ்தீனியாவுக்குப் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போடுகிறவர்கள் டெஸ்டுக்கு 12 மணி நேரம் முன்பு நிறுத்தினால் இறக்கம் தெளிவாகத் தெரியும், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும். மூச்சு வாங்குகிறவர், விழுங்கச் சிரமப்படுகிறவர் நிறுத்தவே கூடாது. அவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டே வரட்டும். எத்தனை மணிக்குப் போட்டார் என்று ரிப்போர்ட்டின் முதல் வரியில் எழுதிவிடுகிறோம்.