மாடு கொடுத்த நோய், தண்டனை பைசனுக்கு

எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிடேரிக் கன்று நாலு மாசம் தாண்டி எட்டு மாசத்துக்குள் இருந்தால் கன்று வீச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிடுவார்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த நோயின் பயம் தெரியும், நல்லா இருக்கிற சினை மாடு ஆறேழு மாசத்தில் கன்றை வீசிவிடும், காய்ச்சாத பாலைக் குடித்தால் நமக்கும் காய்ச்சல் வரும். இந்த நோயைக் கொடுக்கிற அதே புருசெல்லா கிருமியைக் காரணம் காட்டித்தான் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பைசன் என்கிற காட்டு மாடுகளைக் கொல்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

ஒரு காலத்தில் வட அமெரிக்கா முழுக்கக் கோடிக்கணக்கில் மேய்ந்த விலங்கு அது. தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, 1902-இல் எல்லோஸ்டோனில் மிஞ்சியது சுமார் இருபத்தைந்துதான். அப்புறம் தனியார் மந்தைகளிலிருந்து சிலவற்றை வாங்கி வந்து சேர்த்து வளர்த்ததில் இப்போது ஐந்தாயிரம் வரை பெருகியிருக்கின்றன. ஒரு காளை 900 கிலோ வரை இருக்கும், அந்த உடம்போடு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், திமிலில் இருக்கும் தசையின் பலத்தில் தலையாலேயே பனியை இருபக்கமும் தள்ளி அடியிலிருக்கும் புல்லை மேயும்.

பனி அதற்கும் மேல் கனத்துவிட்டால் மேய்ச்சல் தேடிப் பூங்காவுக்கு வெளியே மொன்டானா மாநிலப் பக்கம் இறங்குகின்றன. அங்கேதான் பிரச்சினை. நம்ம மாட்டுக்கு நோய் ஒட்டிவிடும் என்று பண்ணைக்காரர்கள் பயப்படுவதால், எல்லை தாண்டுபவற்றில் பலவற்றைப் பிடித்துக் கசாப்புக்கு அனுப்புகிறார்கள், பல வேட்டையில் போகின்றன. 2022-23 குளிர்காலத்தில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல் போய்விட்டன. ஆனால் பைசனுக்கு இந்த நோயைக் கொடுத்ததே வீட்டு மாடுதான், 1917-இலேயே அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். காட்டு பைசனிடமிருந்து மாட்டுக்குத் திரும்ப ஒட்டியதாக உறுதியான ஒரு சம்பவம்கூட அங்கே பதிவாகவில்லை, எல்க் மான்களிடமிருந்துதான் ஒட்டியிருக்கிறது, அந்த மான்களோ எல்லை தாண்டித் தாராளமாகத் திரிகின்றன! பண்ணைக்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது, ஒரு மாடு கன்று வீசினால் அந்த வீட்டு வருமானம் என்னாகும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இருந்தாலும் இது நியாயமில்லை.

நம்ம முதுமலையிலும் 1968-இல் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் வந்து காட்டுமாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அதற்காக யாரும் காட்டுமாட்டைச் சுடவில்லை, வீட்டு மாடுகளுக்குத்தான் வருஷக்கணக்கில் ஊசி போட்டார்கள், 2011-இல் அந்த நோயே உலகத்தில் இல்லை என்று அறிவித்தார்கள். எல்லோஸ்டோனிலும் இப்போது சில பைசன்களைத் தனியே அடைத்து, திரும்பத் திரும்பச் சோதித்து, நோயில்லை என்று உறுதியானதும் ஃபோர்ட் பெக் பூர்வகுடிகளின் நிலத்துக்கு அனுப்புகிறார்கள். அதை இன்னும் பெரிய அளவில் செய்ய வேண்டும்.