டேப் பார்த்து பாஸ் கிட்டார் பழகுகிறவர்களுக்கு

ராக் பாட்டு வாசிக்க ஆசைப்பட்டு பாஸ் கிட்டார் வாங்குகிறவர்களில் பலரும் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) பக்கம் போவதில்லை, டேப் (கம்பிகளைக் கோடுகளாகவும் விரல் வைக்கும் இடத்தை எண்களாகவும் காட்டும் குறிப்பு) போதும் என்று இறங்கிவிடுகிறார்கள். நானும் அப்படிப் பழகியவன்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் சாதாரண டேப், விரலை எங்கே வைப்பது என்பதை மட்டும்தான் சொல்லும். எப்போது அடிப்பது, எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது, எங்கே அடக்குவது என்பதெல்லாம் பாட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸில் பாதி வேலைக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அடிப்படை. நான்கு கோடுகள், நான்கு கம்பிகள். அடிக்கோடு தடித்த ஈ கம்பி, அதற்கு மேல் ஏ, டி, உச்சியில் மெல்லிய ஜி. கிட்டாரை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் தடித்த கம்பிதான் மேலே தெரியும், டேப்பில் அது கீழே இருக்கும். இந்தத் தலைகீழ் கொஞ்ச நாளில் பழகிவிடும். கோட்டின் மேல் உள்ள எண் ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் எத்தனையாவது என்பது. 0 என்றால் எங்கும் அழுத்தாத திறந்த கம்பி. எக்ஸ் போட்டிருந்தால் கம்பியை அடக்கிப் பிடித்து அடிக்கும் 'டக்' ஒலி. எச், பி, சாய்கோடு ஆகியவை ஹேமர்-ஆன் (மறுபடி மீட்டாமல் இடது கை விரலைக் கம்பியில் தட்டி ஒலி எழுப்புவது), புல்-ஆஃப் (விரலை இழுத்து எடுத்து ஒலி எழுப்புவது), ஸ்லைடு (அழுத்திய விரலை அப்படியே நகர்த்துவது). அவ்வளவுதான், ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம்.

பாட்டை போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகாதீர்கள். திறந்த ஈ கம்பியின் ஒலி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே போன் இறங்காது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், ஆடாசிட்டி மாதிரி மென்பொருளில் பாட்டை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) ஏற்றிக் கேளுங்கள். பாஸ் வரி கிட்டார் உயரத்துக்கு வந்து பளிச்சென்று கேட்கும்.

சரி, முதல் பாட்டு. பெரும்பாலானோர் தொடங்குவது தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003). வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் பாஸ் வாசிப்பவரே கிடையாது. குழுவின் கிட்டார் வாசிப்பவர் ஜாக் வைட், கிட்டார் ஒலியை ஒரு பெடல் (காலால் இயக்கும் ஒலி மாற்றும் கருவி) வழியாக ஒரு ஆக்டேவ் இறக்கியிருக்கிறார். இருந்தாலும் பாஸுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை. முழுக்க ஏ கம்பியில் வாசிக்கலாம்: 7, 7, 10, 7, 5, 3, 2. ஏழே எண்கள், எட்டு பீட்.

இந்த எண்களை ஒரே இடைவெளியில் வாசித்துப் பாருங்கள், யாருக்கும் பாட்டு அடையாளம் தெரியாது. முதல் 7 ஒன்றரை பீட் நிற்க வேண்டும். இரண்டாவது 7 அரை பீட்தான். அடுத்த 10, 7, 5 மூன்றும் சேர்ந்து இரண்டு பீட்டுக்குள் அடங்க வேண்டும். கடைசி 3, 2 ஆளுக்கு இரண்டு பீட். சிக்கல் அந்த நடு மூன்றில். காலால் இரண்டு தட்டு தட்டி, அதற்குள் வாயால் 'தகிட' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மிருதங்கம் கற்றவர்களுக்கு இது சும்மா வரும். மற்றவர்கள் வாயில் சரியாக வரும்வரை கிட்டாரைத் தொடாமல் இருப்பது நல்லது. வாயில் வராத தாளம் விரலில் வந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் யூ2வின் 'வித் ஆர் வித்தவுட் யூ' (1987). டேப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஏ கம்பியில் 5, பிறகு ஈ கம்பியில் 5, 7, 3. ஒவ்வொன்றும் எட்டு முறை, பாட்டு முழுக்கக் கிட்டத்தட்ட இதேதான். ஏறக்குறைய ஐந்து நிமிடம் வேகம் கூடாமல், ஒரு அடி பலமாகவும் அடுத்தது மெதுவாகவும் விழாமல் வாசிப்பதுதான் கஷ்டம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி அடியுங்கள். உங்கள் வாசிப்பைப் போனில் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேட்டால், எந்த விரல் சோம்பேறி என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, குயினின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' (1980). பாஸ் வாசித்த ஜான் டீக்கனே எழுதிய பாட்டு. ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு) ஈ கம்பியில் மூன்று 0 வரும், பிறகு ஒரு வெற்றிடம். திறந்த கம்பியை அடித்துவிட்டு விட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த வெற்றிடம் நிரம்பிப்போனால் பாட்டின் துள்ளலே போய்விடும். அதனால் அடித்தவுடனே இடது கை விரல்களைக் கம்பியின் மேல் லேசாகப் படுக்க வைத்து அடக்க வேண்டும். ஒரே விரலால் தொட்டால் சில இடங்களில் ஹார்மோனிக் (மணி போன்ற மெல்லிய உயர் ஒலி) 'டிங்' என்று கேட்கும், இரண்டு மூன்று விரல்களாகப் படுக்க வையுங்கள். சாதாரண டேப்பில் இதைப் பற்றி ஒரு புள்ளிகூட இருக்காது.

டேப்பை நம்புவதற்கும் ஒரு அளவு உண்டு. பெரும்பாலும் யாரோ ரசிகர் காதால் கேட்டு எழுதியது. சுரம் சரியாக இருந்தாலும் இடம் வேறாக இருக்கலாம்: ஈ கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டும் திறந்த ஏ கம்பியும் ஒரே சுரம்தான். கை அதிகம் அலையாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லா எண்ணும் சரியாக இருந்தும் பாட்டோடு ஒட்டவில்லை என்றால், ட்யூனிங்கை (கம்பிகளுக்குச் சுருதி கூட்டியிருக்கும் விதம்) பாருங்கள். கன்ஸ் அன்ட் ரோசஸ் 1987இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் எல்லாக் கம்பிகளும் அரை சுரம் கீழே. டேப்பின் தலைப்பில் எழுதியிருப்பார்கள், நாம்தான் அதைத் தாண்டி நேராக எண்களுக்குப் போய்விடுகிறோம்.

இந்த மூன்றும் கைக்கு வந்தபின் பிங்க் ஃபிளாய்டின் 'மனி' (1973) எடுக்கலாம். ஏழு பீட் சுற்று, 'தகதிமி தகிட' என்று எண்ணினால் பிடிபடும். சாக்ஸபோன் முடிந்து கிட்டாரின் தனி வாசிப்பு (சோலோ) ஆரம்பிக்கும் இடத்தில் நான்கு பீட்டுக்கு மாறும். அந்த இடத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பழகுங்கள்.