தன் பம்பையே ஒட்டுக்கேட்ட சிற்பம்

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வால்வு திறந்ததும் சிலிண்டர் உதறிக்கொண்டு கிளம்பும், நிற்கும்போது இடித்துக்கொண்டு நிற்கும். அந்த உதறலைக் குறைப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அதனால் சென்ஸ்டர் என்ற அசையும் சிற்பத்தின் பழைய வீடியோவைப் பார்த்தபோது கலை பற்றிய எண்ணமெல்லாம் பிறகுதான் வந்தது. 1970இல், எண்ணெய் அழுத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு நெளிவாக இரும்பை எப்படி நகர்த்தினார்?

அவர் எட்வர்ட் இஹ்னாடோவிச், போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்த சிற்பி. நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் நடத்திய எவாலுவான் கண்காட்சிக்கூடத்துக்காக இதைச் செய்தார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த, சுமார் நாலரை மீட்டர் நீள உருவம். மூட்டுகளுக்கு அவர் பார்த்த மாதிரி சிங்கி இறாலின் கொடுக்கு. கெட்டிக்காரத் தேர்வு! நம் தோள்மூட்டு எல்லாப் பக்கமும் சுழலும். இறாலின் மூட்டோ கீல் மாதிரி ஒரே தளத்தில் மடங்கும். அப்படிப்பட்ட கீல்களைத் திசை மாற்றி அடுக்கினால் எந்தப் பக்கமும் எட்டலாம். சிலிண்டர் மாட்டுகிறவனுக்கு இதைவிட வசதி வேறில்லை.

தலையில் நான்கு மைக்ரோபோன்கள், அசைவைக் கண்டுபிடிக்க இரண்டு டாப்ளர் ரேடார்கள். பின்னால் 8கே நினைவகம் கொண்ட பிலிப்ஸ் கணினி. மெல்லிய சத்தம் வந்தால் தலை அந்தப் பக்கம் போகும். கத்தினாலோ, கையை வேகமாக வீசினாலோ பின்வாங்கும். விதி இவ்வளவுதான். ஆனால் கட்டளை வந்ததும் அது பாய்வதில்லை. மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகம் பிடித்து, இலக்கு நெருங்க நெருங்கத் தணியும். இதற்கென்றே தனி மின்சுற்று வைத்திருந்தார். அந்தத் தணிவுதான் பார்ப்பவர்களை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். அது தயங்குகிறது, யோசிக்கிறது, நம்மை விரும்பவில்லை என்றெல்லாம் நாமே கற்பனை செய்துகொள்கிறோம்.

நிகழ்த்துகலை என்று இதைச் சொல்வதானால், எனக்கு நடிகர்கள் கீழே நின்ற கூட்டம்தான். அதன் கவனத்தைப் பிடிக்கக் கூப்பிட்டு, கையசைத்து, அது விலகியதும் அடங்கி, மறுபடி வேறு விதமாக முயல்பவர்கள் அவர்கள்தானே.

கூட்டம் வருமுன், அதிகாலை அமைதியில், தலையைத் தாழ்த்தித் தன் ஹைட்ராலிக் பம்பின் மெல்லிய சத்தத்தையே அது கேட்டுக்கொண்டிருக்குமாம். பம்பின் இரைச்சலை ஒழிக்க என்னென்னவோ செய்கிற எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் பொறாமையும்.

சில ஆண்டுகளிலேயே பிலிப்ஸ் அதைக் கழற்றிவிட்டது. வெறும் எலும்புக்கூடு நெதர்லாந்தின் ஜீலாந்து பகுதியில் வெட்டவெளியில் கிடந்தது. 2017இல் போலந்தின் கிராகோவிலுள்ள ஏஜிஎச் பல்கலைக்கழகம் வாங்கி, அடுத்த ஆண்டு மறுபடி அசைய வைத்தது. மூளை இப்போது புதுக் கணினி. அப்படியானால் இது பழைய சென்ஸ்டர்தானா என்று யாராவது கேட்டால், என் பதில் ஆம். கண்ட்ரோல் பேனலை மாற்றினால் பிரஸ் வேறு பிரஸ் ஆகிவிடாது. ஆனால் இன்றைய வேகம் கைவசம் இருக்கிறதே என்று அந்த மெதுவான கிளம்பலையும் தணிவையும் யாராவது தூக்கிவிட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறகு அங்கே நிற்பது நான் தினமும் எண்ணெய் துடைக்கிற இயந்திரங்களில் ஒன்றுதான்.