மாடி பாத்ரூமுக்கு மட்டும் வராத வெந்நீர்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நூறு லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, கண்ணாடிக் குழாய் வகை. மார்கழி பிறந்ததிலிருந்து கீழ் பாத்ரூமில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வருகிறது. மாடி பாத்ரூமில் மட்டும் நூல் மாதிரி ஒழுகி, அப்புறம் அதுவும் நின்றுவிடுகிறது.

"டேங்க்கே உப்பு பிடிச்சுப் போயிருக்கும், புதுசு போட்டுடுங்க" என்றார் பார்க்க வந்த பிளம்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கீழே சூடாக வருகிறதென்றால் டேங்க் தன் வேலையைச் செய்கிறது என்றுதானே அர்த்தம்? இருந்தாலும் கண்ணாடிக் குழாய்களின் அடிமுனையை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளே வெற்றிடம் போய்விட்டால் அங்கே இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் நிறமாக வெளுத்துவிடும். எல்லாமே பளபளவென்று இருந்தன.

அடுத்த சந்தேகம் மிக்சர் குழாய் மேல். அதன் உள்வால்வு தேய்ந்திருந்தால் பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு வெந்நீரை மட்டும் திறந்தேன். அப்போதும் வரவில்லை. மிக்சர் மேல் குற்றமில்லை.

மதியம் மூன்று மணிக்கு மேலே போய், மாடி பாத்ரூம் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, டேங்க்கிலிருந்து லைனைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். இரண்டு பாத்ரூம் லைனும் பிரியும் டீ இணைப்பு வரை கை வைக்க முடியாத சூடு. அங்கிருந்து மாடிக்குப் போகும் சி.பி.வி.சி. குழாய் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) தரையோடு ஓடி, கைப்பிடிச் சுவரை உடைக்க மனசில்லாமல் அதன் மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. ஏறும் பக்கம் சூடு. சுவரின் உச்சியைத் தாண்டியதும் ஒரு சாண் இடைவெளியில் வெயில் பட்ட வெதுவெதுப்பு மட்டும்தான். கீழ் வீட்டு லைனில் இந்த மேடே கிடையாது.

எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த எதிர்வீட்டு அண்ணன் கேட்டதுமே சொல்லிவிட்டார்: "காத்து எப்பவும் மேட்டைத் தேடித்தான் போகும் தம்பி. உச்சில வழி விட்டாத்தான் போவும்." அந்த நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. அவர் கைக்கு மட்டும் குழாய், வால்வு எதுவும் மறக்கவில்லை.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களிலும் இதே கதைதான். மேல் பாதி குளிர்ந்து கிடந்தால் உள்ளே காற்று, அடிப்பக்கம் குளிர்ந்தால் துருச் சேறு. காற்றை வெளியேற்ற உச்சியில் ஒரு சின்னத் திருகே வைத்திருப்பார்கள். சோலாரில் அழுத்தம் ரொம்பக் குறைவு. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். எங்கள் ஓவர்ஹெட் டேங்க்கின் நீர்மட்டம் மாடி ஷவரைவிட மூன்று மீட்டர்தான் உயரம். அந்தச் சொற்ப அழுத்தத்தைக் காற்று தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

விடிகாலையில், தண்ணீர் ஓரளவு ஆறியிருக்கும் நேரத்தில், உச்சியில் குழாயை வெட்டி ஒரு டீயும் அதன் தலையில் சின்ன பால் வால்வும் ஒட்டினேன். சி.பி.வி.சி.க்கு அதற்கென்றே விற்கும் சொல்யூஷன்தான் வேண்டும், சாதா பி.வி.சி. பசை சூடு தாங்காது. பசை காய்ந்ததும் லைனைத் திறந்துவிட்டு வால்வைத் திருப்பினேன். புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு, இரண்டு மூன்று துப்பல், பிறகு திடீரென்று ஆவி பறக்க வெந்நீர். கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே சுடும்.

இது பாதி வேலைதான். சில நாளில் காற்று திரும்பவும் சேர்ந்தது. கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில் குளித்தால் உடனே அடைத்துக்கொள்ளும். அதுதான் துப்பு கொடுத்தது. வெந்நீர் வெளியே போகும் வேகத்துக்குப் பச்சைத் தண்ணீர் உள்ளே வரவில்லையென்றால், சோலார் டேங்க்கின் தலையில் திறந்தே இருக்கும் வென்ட் குழாயில் மட்டம் இறங்கி, அதன் வழியாகக் காற்று லைனுக்குள் இழுக்கப்படும்.

சோலார் டேங்க்குக்குள் பச்சைத் தண்ணீர் வரும் லைனில் இருந்த கேட் வால்வைக் கழற்றினேன். சுண்ணாம்பு வைத்துப் பூசியது போல உள்சுவர் முழுக்க வெள்ளைப் படிவு. நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம். மெட்ரோ தண்ணீர் போதாதபோது நாங்கள் போர் தண்ணீரைத்தான் ஏற்றுகிறோம். எங்கள் பக்கம் அது கடுமையான உப்பு. கடினநீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சுண்ணாம்பாகப் படியும், இந்த வால்வோ சூடான டேங்க்கை ஒட்டியே இருக்கிறது. படிவில் ஒரு துண்டை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் போட்டேன். நுரைத்துக்கொண்டே கரைந்தது. சந்தேகமில்லை, சுண்ணாம்புதான்.

வால்வைச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவதே மேல் என்று முழுத் துவாரம் உள்ள பித்தளை பால் வால்வு போட்டேன். பக்கத்து எல்போவில் இருந்த படிவையும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். கண்ணாடிக் குழாய்களை மட்டும் காலி செய்யவில்லை. வெயிலில் காய்ந்து கிடக்கும் குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும்.

இப்போது இரண்டு பாத்ரூமிலும் ஒன்றாகத் திறந்தாலும் வெந்நீர் வருகிறது. உச்சி வால்வை அவ்வப்போது திறந்து பார்க்கிறேன், புஸ் சத்தமே இல்லை, நேராகத் தண்ணீர். அடுத்த வேலை, சோலாருக்கு மெட்ரோ தண்ணீர் மட்டும் போகும்படி தனியாக ஒரு சின்ன டேங்க். அதற்கு மேடை கட்டும் இடத்தை அளந்து வைத்திருக்கிறேன்.