‘ஆதாரம்’ என்ற கட்டத்தில் ஒரு பெயர்

4 என்று இருந்ததை 3 என்று மாற்றியது நான்தான். மாற்றச் சொன்னவர் வேறொருவர்; ஆனால் அந்த எக்செல் கோப்பின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தால், 2024 நவம்பரில் ஒரு மாலை அந்தக் கட்டத்தைத் தொட்டவராக என் பெயர்தான் வரும். எண்ணை மாற்றியதற்காவது என்னிடம் சில நியாயங்கள் இருக்கின்றன. அதற்கு அடுத்து ‘ஆதாரம்’ என்று தலைப்பிட்ட கட்டத்தில் எங்கள் சரக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளரின் பெயர் இருந்தது. அவரே எடுக்கச் சொன்ன பிறகும் நான் அதை எடுக்கவில்லை. அதற்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சி.எஸ்.ஆர்.டி. என்ற, நிறுவனங்களை நிலைத்தன்மை அறிக்கை எழுதச் சொல்லும் ஐரோப்பிய ஆணைக்காக வேலை பார்த்தவர்களுக்கு அந்த மாதங்களை விளக்கத் தேவையில்லை. எங்களைப் போல எண்ணூறு பேர் வேலை செய்யும், பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்கள் 2025 நிதியாண்டுக்கான முதல் நிலைத்தன்மை அறிக்கையை 2026-இல் வெளியிட வேண்டும் என்பது அன்றைய கணக்கு. அந்த ஐரோப்பிய ஆணையை ஜெர்மனி தன் சட்டமாக்க வேண்டிய கெடு 2024 ஜூலை 6-ஆம் தேதியே முடிந்திருந்தது, சட்டம் வரவில்லை, நவம்பரில் கூட்டணி அரசே கவிழ்ந்தது. வராத சட்டத்துக்காக ஏன் அவ்வளவு அவசரப்பட்டோம் என்று இன்று கேட்பது எளிது. அன்று தணிக்கை நிறுவனம் ஒத்திகைச் சோதனைக்கு நாள் குறித்திருந்தது. நாள் குறித்துவிட்டால் கேள்விகள் அடங்கிவிடுகின்றன.

அந்த அறிக்கையை எழுதுவதற்கான தரநிலைகள் 12, அவற்றுக்குள் ஆயிரத்தைத் தாண்டும் தரவுப் புள்ளிகள். எவற்றை எழுத வேண்டும், எவற்றை விடலாம் என்று தீர்மானிப்பது இரட்டை முக்கியத்துவ மதிப்பீடு. நிறுவனம் சுற்றுப்புறத்துக்கும் மனிதருக்கும் செய்வது ஒரு முகம், சுற்றுப்புறம் நிறுவனத்தின் கல்லாவுக்குச் செய்வது மறுமுகம். இரண்டில் ஏதாவது ஒன்றில் எல்லையைத் தாண்டினாலும் அது அறிக்கைக்குள் வரும். அந்த எல்லையைத் தரநிலை எண்ணாகச் சொல்வதில்லை. அதை நிறுவனமே வகுத்து, வகுத்த முறையை விளக்க வேண்டும். நாங்கள் இடர்களின் நிகழ்வாய்ப்பையும் பாதிப்பின் அளவையும் ஐந்துக்கு மதிப்பிட்டு இரண்டையும் பெருக்கினோம். 12 எங்கள் கட்-ஆஃப். (அரை மதிப்பெண்ணில் கல்லூரியை இழந்தவர்கள் நிறைந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தச் சொல்லின் மீது கொஞ்சம் எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும்.)

ரைன் ஆற்றில் நீர் குறைந்து மூலப்பொருள் ஏற்றிய கப்பல்கள் வர முடியாமல் போவது என்ற இடர், கூட்டத்தில் நிகழ்வாய்ப்பு 3, பாதிப்பு 4 என்று மதிப்பிடப்பட்டு, சரியாக 12-இல் வந்து நின்றது. அந்த 4 சரக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளர் சொன்ன எண். அவர் அதை எளிதாகச் சொல்லிவிடவில்லை. எங்கள் ஆலை மன்ஹைமுக்குத் தெற்கே இருக்கிறது; காலநிலை இடர்களைக் கணக்கிட ஆலோசகர்கள் கொண்டுவந்த மென்பொருள் ஆலை நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மட்டுமே கேட்டது. வெள்ளம், வெப்ப அலை, புயல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதிக உமிழ்வுக் காட்சியிலும்கூட வெப்பத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பச்சை நிறம் காட்டியது. அவர் திரையைப் பார்த்துவிட்டு, “எங்கள் கப்பல் நிற்கப்போவது இங்கே இல்லை, கௌபில்” என்றார்.

கௌப் எங்களிடமிருந்து ஆற்றின் போக்கில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. நடு ரைனின் ஆழம் குறைந்த பகுதி அது. கடலிலிருந்து எங்களுக்கு வரும் எந்தக் கப்பலும் அதைக் கடந்தே ஆக வேண்டும். 2018 அக்டோபர் 22 அன்று அங்குள்ள நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. இளம் ஆலோசகர் ஒருவர், “25 சென்டிமீட்டரில் கப்பல் எப்படி ஓடும்?” என்று கேட்க, அளவுகோல் காட்டுவது ஆழமல்ல என்றும், அதனுடன் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கூட்டினால்தான் கப்பல் பாதையின் ஆழம் கிடைக்கும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நீர் குறையக் குறையக் கூடுதல் கட்டணம் படிப்படியாக ஏறும். ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குக் கீழே போய்விட்டால் கப்பல் நிறுவனத்துக்கு ஏற்றிவர வேண்டிய கடமையே இல்லை. அந்த ஆண்டு லூட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பெரும் வேதிப்பொருள் நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப்.-க்கே குறைநீரால் ஏறத்தாழ 25 கோடி யூரோ இழப்பு. எங்கள் இழப்பை யாரும் தனியாகக் கணக்கிட்டு வைத்திருக்கவில்லை. அது வெவ்வேறு செலவுத் தலைப்புகளில் கரைந்துபோயிருந்தது. அவருக்கு மட்டும் அது முழுதாக நினைவில் இருந்தது.

கூட்டம் முடிந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகு நிதித் துறைத் தலைவர் என்னை அழைத்தார். அவர் மிரட்டவில்லை, பொய் சொல்லச் சொல்லவும் இல்லை. “2018-க்குப் பிறகு நாம் ரயில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், சேமிப்புத் தொட்டியும் கட்டியிருக்கிறோம். அதற்குச் செலவழித்த பணத்துக்கு மதிப்பே இல்லையா? 3 என்று வையுங்கள்” என்றார். பிறகு, ஏறக்குறைய வேறு பேச்சைப் போல, அடுத்த ஆண்டு கடன் புதுப்பிப்பு வருகிறது என்றும், வங்கிகள் இப்போது இந்தப் பக்கங்களைத்தான் முதலில் படிக்கின்றன என்றும் சொன்னார். ஐரோப்பிய மத்திய வங்கி 2020-இல் வழிகாட்டி வெளியிட்டு, 2022-இல் காலநிலை அழுத்தச் சோதனையும் நடத்திய பிறகு வங்கிகள் படிக்கத்தான் செய்கின்றன. வங்கி படிக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்படுத்தப்பட்ட அறிக்கையில், வங்கி படிக்கும் என்பதற்காகவே ஒரு வரியை நீக்குகிறோம் என்பது அந்த நேரத்திலேயே எனக்கு உறைத்தது. உறைத்ததே தவிர, நான் எதுவும் சொல்லவில்லை.

என் நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன். காலநிலைத் தரநிலையான ஈ-1, நிதி விளைவுகளை வெளியிடும்போது தகவமைப்பு நடவடிக்கைகளைக் கணக்கில் எடுப்பதற்கு முந்தைய தொகையைச் சொல்லக் கேட்கிறது. அதாவது ரயிலையும் தொட்டியையும் கழிக்காமல். அந்தப் பத்தி எனக்குத் தெரியும். அதன் ஓரத்தில் நானே பென்சிலால் கோடிட்டிருந்தேன். ஆனால் அது எல்லையைத் தாண்டிய இடர்களின் தொகையை எழுதுவதற்கான விதி, எல்லையைத் தாண்டியதா என்று பார்ப்பதற்கான விதி அல்ல என்று வாதிடலாம், வாதிட்டவர்களும் உண்டு. தவிர, காலநிலை மாற்றம் என்ற தலைப்பு எங்கள் உமிழ்வாலும் கரிம விலையாலும் எப்படியும் முக்கியம் என்றே வந்திருந்தது. மறைந்துபோனது ஒரு வரி மட்டும். உள்ளக இடர்ப் பதிவேட்டில் அந்த வரி தொடர்ந்து இருந்தது. இவ்வளவும் உண்மை. இவற்றை எழுதும்போதே, ஒரே எண்ணுக்கு இத்தனை நியாயங்கள் ஏன் தேவைப்படுகின்றன என்றும் தோன்றுகிறது.

திருத்திய பட்டியலை எல்லாருக்கும் அனுப்பிய மறுநாள் சரக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். ஆற்றின் வரி எங்கே என்று கேட்டார். கட்-ஆஃபுக்குக் கீழே போய்விட்டது என்றும், ரயில் ஒப்பந்தத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறோம் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆற்றில் நீர் குறைந்தால் ரைன் கரையில் உள்ள எல்லா ஆலைகளும் ஒரே நாளில் அதே வேகன்களைத்தான் கேட்கும் என்றார். 2022 ஆகஸ்டில் கௌபில் மறுபடியும் நீர் வற்றியபோது, எரிவாயுத் தட்டுப்பாட்டின் நடுவே, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் தண்டவாளத்தில் முன்னுரிமை என்று அரசு ஆணையே போட்டது, அப்போது எங்கள் வேகன்கள் எங்கே நின்றன என்று கணினியில் தேடிப் பார்க்கச் சொன்னார். நான் தேடவில்லை. பிறகு அவர் சொன்னதை, ஜெர்மன் மொழியில் சொன்ன அதே வரிசையில், இன்னும் என்னால் திருப்பிச் சொல்ல முடியும்:

“அந்த அறையில் இருந்தவர் 4 என்று சொன்னார். உங்கள் தாளில் இருப்பவர் 3 என்கிறார். இரண்டு பேரும் நானாக இருக்க முடியாது. தாளில் இருப்பவரை எடுத்துவிடுங்கள்.”

“பார்க்கிறேன்” என்றேன். நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நழுவல் ஜெர்மனிலும் அப்படியே இருக்கிறது. அவரும் அதைப் புரிந்துகொண்டிருப்பார். சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

நான் பார்த்தேன் என்பதும் உண்மைதான். ‘ஆதாரம்’ கட்டத்தில் “மதிப்பீட்டுக் கூட்டம், சரக்குப் போக்குவரத்து” என்றும், அருகில் அவர் பெயரும் இருந்தன. அதை நீக்கினால் பௌதிக இடர்கள் பகுதியில் ஆலையிலிருந்து ஒருவர்கூட மிஞ்சமாட்டார். மென்பொருளும் ஆலோசகர்களும் நானும்தான். ஒத்திகைச் சோதனையில் தணிக்கையாளர் முதலில் கேட்பது, இந்த எண்ணை யார் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான். வரம்புக்குட்பட்ட உறுதியளிப்பு, அதாவது முழுத் தணிக்கையைவிடக் குறைந்த ஆழமுள்ள சோதனை என்பதால் அவர்கள் ஆற்றுக்குப் போய் அளக்கப்போவதில்லை, ஆவணங்களின் வழியை மட்டுமே தொடர்வார்கள். அவருடைய பெயரும் இருபத்தைந்து ஆண்டுப் பணியும் அந்த 3-க்கு ஒரு கனத்தைக் கொடுத்தன. அந்தக் கனம் எனக்குத் தேவைப்பட்டது. அதனால் விட்டேன்.

‘குறிப்பு’ என்று இன்னொரு கட்டமும் இருந்தது. கூட்டத்தில் 4 என்று சொல்லப்பட்டது, ரயில் ஒப்பந்தம் கருதிப் பின்னர் நிதித் துறை 3 ஆக்கியது, பொறுப்பாளர் உடன்படவில்லை என்று அதில் எழுதியிருக்கலாம். எந்தத் தரநிலையும் அதைத் தடுக்கவில்லை. தணிக்கையாளருக்கு அது குறையாகக்கூடத் தோன்றியிருக்காது. கருத்து வேறுபாட்டைப் பதிவுசெய்யும் நிறுவனம் என்று பாராட்டியும் இருப்பார். இது எனக்குத் தோன்றியது பல மாதங்கள் கழித்து, ஒரு ரயில் பயணத்தில். அன்று தோன்றவில்லை என்று சொல்வதற்கே நான் விரும்புகிறேன். ஆனால் அன்று அந்தக் கட்டத்தில் சுட்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த நினைவும் இருக்கிறது.

ஒத்திகைச் சோதனை நடந்தது. அந்த வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2025 பிப்ரவரி 26 அன்று ஐரோப்பிய ஆணையம் ‘ஆம்னிபஸ்’ என்று அழைக்கப்பட்ட திருத்தத்தை முன்வைத்தது. ஆயிரம் ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மட்டுமே இனி அறிக்கை தர வேண்டும், கட்டாயத்துக்குள் இருந்தவற்றில் ஏறக்குறைய 80 விழுக்காடு வெளியே போய்விடும் என்றார்கள். ஏப்ரலில் எங்களைப் போன்றவர்களுக்கான கெடு இரண்டு ஆண்டு தள்ளிவைக்கப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேக் வாங்கிவந்தார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். வெளியிடப்படாத அறிக்கை யாரையும் ஏமாற்றவில்லை என்ற வாதம் அன்றைக்கே எனக்குள் தயாராகிவிட்டது, இன்றும் அதில் பிழை கண்டுபிடிப்பது கடினம். வங்கி படிக்கவில்லை, முதலீட்டாளர் படிக்கவில்லை. அதைப் படித்து, அதில் தன்னைப் பார்த்து, அது தான் அல்ல என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அந்த வசந்தத்தில் மழை பொய்த்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் ரைனில் நீர் குறைந்து கப்பல்கள் பாதிச் சுமையுடன் ஓடின. நான் தினமும் காலையில் கைபேசியில் கௌப் நீர்மட்டத்தைப் பார்க்கப் பழகினேன். எதற்காகப் பார்த்தேன் என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது. நீர் இன்னும் இறங்கினால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும், ஏறினால் என் 3 சரி என்றாகிவிடும் என்பது போல ஒரு நினைப்பு. இரண்டும் அப்படி ஆகிவிடாது என்பது தெரிந்தும். உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்தபோது அவர் வேகன்களைப் பற்றிப் பேசினார், பேரனைப் பற்றிப் பேசினார். பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை. பெயரை எடுத்திருப்பேன் என்று நம்பினாரா, எடுத்திருக்கமாட்டேன் என்று தெரிந்தே கேட்காமல் விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வங்கியே கேட்டிருக்கிறது. கட்டாயம் இல்லாத நிறுவனங்களுக்காக, ஐரோப்பியத் தரநிலைகளை வரையும் அமைப்பான எஃப்ராக் 2024 டிசம்பரில் தயாரித்து, ஆணையம் 2025 ஜூலையில் பரிந்துரைத்த தன்னார்வத் தரநிலையின்படி ஒரு சிறிய அறிக்கை தர வேண்டுமாம். அதில் காலநிலை இடர்களுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. இடரைச் சொன்ன பிறகு அதற்கு என்ன தகவமைப்பு செய்தீர்கள் என்று அடுத்த கேள்வியாகவே கேட்கிறது. எங்கள் பழைய சண்டை முழுவதும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கேள்விகளில் அடங்கியிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நிதித் துறைத் தலைவர், புதிதாகக் கூட்டம் எதுவும் வேண்டாம், பழைய கோப்பையே பயன்படுத்துங்கள் என்றார்.

கோப்பைத் திறந்து 3-ஐ 4 ஆக்கினேன். பிறகு ‘ஆதாரம்’ கட்டத்துக்கு வந்தேன். 4 அவர் சொன்ன எண்தான், இனி அவர் பெயர் இருப்பதில் தவறில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் எடுக்கச் சொன்னது அந்தப் பெயரை. திரும்பச் சேர்த்துக்கொள்ள என்னிடம் சொல்லவில்லை. கேட்கலாம் என்றால், இத்தனை நாளும் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். எனக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று அதையும் அழித்தேன்.

கட்டம் காலியாக இருக்கிறது. வங்கிக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.