ரயில் பார்க்கும் கொல்லைப்புறம்

ஜனவரி 11, 2025, சனி

ஆறு வீடு, ஒரே வரிசை. என் மாடல் ரயில் லேஅவுட்டில், தண்டவாளத்தை ஒட்டி வைக்க. இன்று அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டேன். என் லேஅவுட் ஓஓ (OO) என்ற மாடல் அளவு, அதாவது நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மி.மீ. 15 அடி அகலமுள்ள வீடு 60 மி.மீ. ஆகிறது. ஆறும் சேர்ந்தால் 36 செ.மீ.

ஊரில் டெரஸ் என்றால் மொட்டை மாடி. இங்கே லண்டனில், பக்கச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும் வீட்டு வரிசைக்கு அந்தப் பெயர். நம் லைன் வீடு மாதிரிதான், மாடியோடு. ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருப்பதும் அப்படி ஒரு வீடு. ஸ்டேஷன் 1858இல் வந்துவிட்டது. இந்தத் தெருக்கள் பெரும்பாலும் அதற்கு முப்பது நாற்பது வருஷம் கழித்து எழுந்தவை. லேஅவுட்டின் காலம் 1959. ஈஸ்ட் ஹாம் வழியாகக் கடலோர ஊரான சவுத்எண்டுக்குப் போகும் பாதையில் நீராவி எஞ்சின் ஓடிய கடைசி வருஷங்கள். 1962இல் மின்சாரம் முழுதாக வந்துவிட்டது.

முன்பக்கத்தில் துருத்தி நிற்கும் ஜன்னல்கள் இரண்டு முடிந்தன. நன்றாக வந்திருக்கின்றன.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையில் பொங்கல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பார்த்துக்கொண்டே போனதில் ஒன்று உறைத்தது: ரயிலிலிருந்து எந்த வீட்டின் முகமும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் கொல்லைப்புறம். சமையலறை ஜன்னல், சாக்கடைக் குழாய், கொடியில் துணி, மூலையில் ஓர் உடைந்த நாற்காலி.

தண்டவாளத்தைப் பார்த்து முன்வாசலை வைத்தால் அது பொய். இரண்டு ஜன்னல்களையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

ஜனவரி 19, ஞாயிறு

காலை முழுக்க எங்கள் கொல்லையில் டேப்பும் நோட்டுமாக நின்றேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் விஷயம் அதிகம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பின்கட்டு நீண்டு வருகிறது. அது தனியாக வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பின்கட்டோடு முதுகு ஒட்டி, ஜோடி ஜோடியாக வருகிறது. ஒரு வீடு அடுத்ததற்குக் கண்ணாடியில் பார்த்த பிம்பம். ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு சந்து.

புகைபோக்கியின் கணக்கும் இதில்தான் புரிந்தது. வீட்டின் பிரதானப் பகுதியில் கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, நான்கு கணப்பு. கணப்புக்கு ஒரு புகைக்குழாய், கூரைக்கு மேலே குழாய் முனைக்கு ஒரு மண் தொட்டி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின் மேல் எட்டுத் தொட்டி. அடுத்த பொதுச்சுவரின் இரு பக்கமும் நடைதான், கணப்பு கிடையாது. அதனால் அங்கே புகைபோக்கியும் கிடையாது. ஆறு வீட்டுக்கு மூன்று புகைபோக்கி, 24 தொட்டி. இதை எண்ணாமல் வீட்டுக்கு ஒன்று என்று நட்டிருந்தால் வரிசையே தப்பாகியிருக்கும். தொட்டிகளுக்காக 3 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை 24 துண்டாக நறுக்கி வைத்தாயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு

செங்கல். சாந்தோடு சேர்த்து 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம். இந்த அளவில் 3 மி.மீ.க்கு 1. அச்சுப் பதித்த பிளாஸ்டிக் தகட்டில் பிளெமிஷ் கட்டுதான் வேண்டும் என்று தேடி வாங்கினேன். ஒரு செங்கல் நீளவாக்கில், அடுத்தது தலை மட்டும் தெரிய, இப்படியே மாறி மாறி ஒரே வரியில். நீளச் செங்கல் மட்டுமே தெரியும் சுவர் பிற்காலத்து, நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். விக்டோரியா காலத்து 9 அங்குலச் சுவருக்கு அதைப் போட்டால் எனக்குக் கண் உறுத்தும்.

நிறம்தான் ஒரு நாளைத் தின்றது. லண்டன் செங்கல் மஞ்சள். முதலில் மஞ்சளும் காவியும் கலந்து அடித்து, காய்ந்த பிறகு நீர்த்த சாம்பல்வெள்ளையைப் பூசி உடனே துணியால் துடைத்தேன். மேலே இருந்தது போய், கோடுகளில் மட்டும் சாந்து நின்றது. அப்புறம் கலர் பென்சிலால் அங்கங்கே ஒரு கல்லைக் கருப்பாக்கினேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் நேற்றுக் கட்டிய வீடு மாதிரி. 1956இல்தான் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1959 சுவரில் அதற்கு முந்தைய அறுபது வருஷத்து நிலக்கரிப் புகை அப்படியே இருக்க வேண்டும். கூரைக்குக் கீழே அதிகமும் ஜன்னல் படிக்குக் கீழே மழை வடிந்த தடமுமாகக் கருப்பை இறக்கினேன். மஞ்சள் பாதி மறைந்த பிறகுதான் வீட்டுக்கு வயசு வந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜன்னல் கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டினேன். அதன் ஆவி பட்டு எட்டு ஜன்னல் பனி படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. பிரித்து, வெள்ளைப் பசையால் மறுபடி ஒட்டினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டு வாரமாகக் கூரை. வேல்ஸ் கற்பலகை, 20 அங்குலத்துக்கு 10. தாளைக் கீற்றாக வெட்டி, 3.3 மி.மீ.க்கு ஒரு கீறல் பாதி உயரம் வரை போட்டு, கீழிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். ஒரு கீற்றில் நூற்றுக்கு மேல் கீறல், இருபது கீற்று. பலகை நடுவில் அடுத்த வரியின் இடைவெளி வர வேண்டும். ஒரு வரி பிசகினால் தூரத்திலிருந்தே தெரியும். எட்டாவது வரி பிசகியது, உரித்து எடுத்தேன்.

முடிந்ததும் மேஜை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே மயிரிழை நிழல். அச்சடித்த தாளில் இது வராது.

மார்ச் 1, சனி

கழிப்பறைக் கதவு ஆறு, கரித்தொட்டி ஆறு, 1 மி.மீ. கம்பியில் மழைநீர்க் குழாய். அப்புறம் துணி. இங்கே அந்தக் காலத்தில் திங்கள்கிழமை துவைக்கிற நாள். அதனால் லேஅவுட்டில் என்றைக்கும் திங்கள். டிஷ்யூ தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்து ஒரு சென்டிமீட்டர் சட்டைகளும் இரண்டு போர்வையும் செய்து நூலில் மாட்டினேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "என்னங்க, ஈரத்துணி போட்டா கொடி தொய்யாதா? இவ்வளவு விறைப்பா நிக்குதே. கவைக்கம்பு எங்க?"

அவள் சொன்னது சரி. இங்கேயும் பழைய படங்களில் நீளமான கவைக்கம்பு ஒன்று கொடியைத் தூக்கிப் பிடித்திருக்கும். நூலைத் தளர்த்தினேன். நடுவில் போர்வை தரையைத் தொடுகிற மாதிரி தொய்ந்தது. பித்தளைக் கம்பியில் எட்டடிக்கு 32 மி.மீ. வெட்டி, நுனியைப் பிளந்து, மரநிறம் அடித்து, கொடிக்கு அடியில் சாய்வாகக் கொடுத்தேன். போர்வை தரையை விட்டு எழுந்தது.

டேங்க் எஞ்சினை (தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் நீராவி எஞ்சின்) மூன்று பெட்டியோடு மெதுவாக விட்டேன். சவுத்எண்ட் பக்கம் போகிறது. கடைசி வீட்டில் துணி கிடையாது, அந்தக் கொடியை வெறுமனே விட்டிருக்கிறேன்.