பெரியப்பாவின் காலும் அக்கரை மிட்வைஃபும்

போன வருஷம் பெரியப்பாவுக்குக் காலில் கெளுத்தி முள் குத்தியது. தங்கச்சிமடத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளே கடலுக்குப் போய்விட்டார். புண் ஆறவே இல்லை. இருபது நாள் கழித்து ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது, பல வருஷமாக இருந்திருக்கும் என்றார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குக் காசு கேட்கவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்திருக்க வேண்டிய நோய் அது, விரலை வெட்டும் வரைக்கும் யார் கண்ணிலும் படவில்லையே என்பது இன்னும் மனசை அறுக்கிறது.

அதற்கப்புறம் மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடித்தேடிப் படித்தேன். காப்பீடா, வரிப்பணமா என்றுதான் எங்கேயும் விவாதம். ஜெர்மனி 1883 முதல் காப்பீட்டு வழியில் போகிறது, பிரிட்டன் 1948 முதல் வரிப்பண வழியில். இரண்டு வழியிலும் நல்ல வைத்தியம் கொடுக்க முடிகிறது. சரி, அப்படியானால் நோயை முதலில் பார்ப்பது யார், அந்த ஆள் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? எனக்கு இப்போது இந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

இதற்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார், 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர். "எங்கட மூத்தவன் வயித்தில இருக்கேக்க மிட்வைஃப் வீட்டுக்கே வருவா தம்பி, ஆசுபத்திரியில ஒரு சதமும் கேக்கமாட்டினம்" என்பார். 1926இல் இலங்கையின் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு என்று ஆரம்பித்த ஏற்பாடு அது, ஊர் ஊராக ஆளைப் போட்டு வீடு வீடாகப் போவது. மலேரியாவிலும் அவர்களிடம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. 1963இல் இலங்கை முழுக்க வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. இனி இல்லை என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள், 1968-69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து உழைத்து, 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள்.

தாய்லாந்து 2002இல் முப்பது பாட் கட்டினால் வைத்தியம் என்று கொண்டுவந்ததைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். அதற்கு இருபது வருஷம் முன்பே அவர்கள் பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளைப் பெருக்குவதை நிறுத்தி, அந்தப் பணத்தைச் சின்ன ஊர்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியும் டாக்டரும் பக்கத்தில் இருந்ததால்தான் முப்பது பாட் அட்டைக்கு மதிப்பு வந்தது.

நம்மிடம் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்து ஆஸ்பத்திரிகளில் மருந்து கிடைக்காமல் தவித்தார்கள், இலவசம் என்ற சொல் மட்டும் மாத்திரை ஆகாது. நாம் 1994இலேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உண்டாக்கி, மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்கி அனுப்புகிறோம். கர்ப்பிணிகளுக்குக் கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. பெரியப்பா இப்போது கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார், மாதாமாதம் மாத்திரை தவறுவதில்லை.

அவர் மகனுக்கு முப்பத்தெட்டு வயசு. மாத்திரை கொண்டுவரும் பெண் வீடு தேடி வருவது காலை பத்து மணிக்கு, அண்ணன் அப்போது கடலில் இருப்பான். பாம்பனிலும் இங்கேயும் முக்கால்வாசி ஆண்கள் கதை இதுதான். படகு கரை சேரும் நேரத்துக்கு, மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுங்கள். அண்ணனை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.